புல்லுக்குக் காவல்

கொடுவேலி நாட்டு ராஜா மணிமகுட பூபதி அண்டை நாட்டுக்கு விருந்துக்குப் போனார். வரும்போது ஓர் ஆசையைக் கொண்டுவந்தார். அந்த அரண்மனை முன்னால் வெறும் புல்வெளி. பச்சைப் பட்டை விரித்த மாதிரி!

"நமக்கும் அதுதான் வேண்டும்!"

அரண்மனைத் தோட்டத்து நொச்சி போயிற்று. ஆவாரை போயிற்று. சங்குப்பூக் கொடி போயிற்று. குட்டையைத் தூர்த்தார்கள். புல் வந்தது, தோட்டம் ஊமையானது.

பின்னாலேயே வெட்டுக்கிளிகள் வந்தன. பிடித்துத் தின்ன ஒரு குருவிகூட இல்லை. புல்லை மொட்டையடித்தன.

ராஜா தோட்டக்காரி காத்தாயியை அழைத்தார். "நான் யாத்திரை போகிறேன். தை மாதம் திரும்புவேன். அன்றைக்கு ஒரு புல்நுனி கடிபட்டிருந்தாலும் நீ நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும்!"

"வெட்டுக்கிளிக்குத் தண்டோராவா போட முடியும், சாமி?" காத்தாயி அழுதாள்.

அருகில் நின்ற மந்திரி சொக்கேசன் தொண்டையைக் கனைத்தார். "மகாராஜா, புல்லுக்குக் காவல் போடலாமே? வாள் கேட்காத, சோறு கேட்காத ஆட்கள் இருக்கிறார்கள்."

"சோறும் வேண்டாமா? உடனே போடு!"

அந்த நாட்டில் ஒரு வழக்கம். கோட்டைக்குள் காவல் ஏற்றவர் கேட்ட இடத்தில், கேட்டபடி வீடு கொடுக்க வேண்டும். பிறகு அரசரே நினைத்தாலும் கிளப்ப முடியாது. ராஜா காவல் ஆணையில் முத்திரை வைத்துவிட்டுப் பல்லக்கேறினார்.

தை பிறந்தது. திரும்பிவந்த ராஜா தோட்டத்து வாசலில் திகைத்து நின்றார்.

"என் புல்வெளி எங்கே?"

"இது காவலர் குடியிருப்பு, மகாராஜா," என்றார் மந்திரி. "செம்போத்து அடர்ந்த புதர் கேட்டார், நொச்சி வைத்தோம். தவளைகள் குட்டை கேட்டார்கள், வெட்டினோம். ஓணானுக்குக் கற்குவியல். கரிச்சான் குருவிக்கு உட்கார்ந்து நோட்டம் பார்க்க ஒரு பட்டமரம்."

"கேட்டதையெல்லாம் கொடுத்தாயா?"

"வழக்கமாயிற்றே! மறுக்க முடியுமா?"

"இந்த வண்ணத்துப்பூச்சி எதைக் காவல் காக்கிறது?"

"அவர் விருந்தாளி. காவலர் வீட்டுக்கு உறவுக்காரர் வரமாட்டாரா?"

"ஒரு புல்கூட இல்லையே, ஐயா!"

"கடிபட்ட புல்லும் இல்லையே, மகாராஜா. காத்தாயிமேல் என்ன குற்றம்?"

ராஜாவின் மீசை துடித்தது. கர்ஜிக்க வாயைத் திறந்தார்.

"உஸ்! மெதுவாக! தங்கள் கல் ஆசனத்துக்கு அடியில் கௌதாரி வீட்டு அம்மா அடைகாக்கிறார்."

ராஜா குனிந்தார். இரண்டு கண்கள் அவரை முறைத்தன. ராஜாவை முறைப்பதா! கோபம் பாதி வழியில் சிரிப்பாக மாறியது. ஆனால் சத்தம் போடக் கூடாதே! மேலாடையால் வாயைப் பொத்திக்கொண்டு, தொந்தி குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற காத்தாயியிடம் கொடுத்தார்.

பிறகு மந்திரியின் காதில் கிசுகிசுத்தார்: "குஞ்சு பொரிக்கும்வரை நான் எங்கேயப்பா உட்கார்வது?"

"நில்லுங்கள், மகாராஜா. தங்கள் முன்னால் நாங்கள் தினமும் அதைத்தானே செய்கிறோம்!"