வெறும் சாக்கு

“கையில ஒத்தப் பைசா இல்ல. ஆனா ஒரு கடை வைக்கணும். வழி சொல்லு தங்கச்சி” என்றான் வெயிலுமுத்து.

ஜைனம்பு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள்.

வியாழக்கிழமைச் சந்தையில் வளையல் விற்கிறவள் அவள். வளையல்காரிக்கு முகமெல்லாம் அப்புறம்தான்.

பத்து வருஷத்துக்கு முன்னால் இரண்டு டஜன் கண்ணாடி வளையலோடு இதே சந்தைக்கு வந்தவள். இன்றைக்கு அவள் கடையில் நிற்க இடம் கிடைக்காது. காசில்லாமல் கடை வைக்க நினைக்கிறவர்களெல்லாம் அவளைத் தேடி வந்தார்கள். சந்தையில் அவளுக்கு ‘வாத்தியாரம்மா’ என்று பெயர்.

அவளுக்கு முப்பத்தைந்து வயது. அவனுக்கு ஐம்பத்திரண்டு. குரு அவனை அண்ணே என்றாள், சீடன் அவளைத் தங்கச்சி என்றான். தன்னைவிடச் சின்னவள் முன்னால் கைகட்டி நிற்க அவனுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

“என்னென்ன இல்ல? ஒண்ணொண்ணாச் சொல்லுங்கண்ணே.”

“முதல் இல்ல. இடம் இல்ல. சரக்கு இல்ல. நம்பிச் சரக்குப் போட ஆளு இல்ல. வியாபாரம் பண்ணிப் பழக்கமும் இல்ல.”

“அடேயப்பா! இத்தனை சாக்கு வச்சிருக்கீங்க. ஒண்ண விரிச்சு உக்காந்துற வேண்டியதுதானே?”

அவன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவன் இல்லை.

முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவன். அவன் மனைவி பூரணமும் அங்கேதான் வேலை பார்த்தாள். மிஷின் வந்தது, இரண்டு பேருக்கும் வேலை போனது. அதற்குப் பிறகு தினமும் பூரணம் கேட்பாள்.

“எங்கயாச்சும் வேலை இருக்காமா?”

“இல்ல.”

“யாரையாச்சும் போயிப் பாத்தீகளா?”

“இல்ல.”

“சாப்பிட்டீகளா?”

“இல்ல.”

“உங்க வாயில வேற வார்த்தையே வராதா?”

“இல்ல” என்று அதற்கும் சொன்னான்.

அன்றைக்குத்தான் அவள் துணிமணியை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு பக்கத்து ஊருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் குடும்பத்தோடு திருப்பூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். தை பிறந்ததும் அவளும் கூடப் போகிறாள்.

இதையெல்லாம் அவன் ஜைனம்புவிடம் சொன்னான்.

தைக்கு இன்னும் ஏழு சந்தை இருந்தது.

ஜைனம்பு எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த கோணிச்சாக்கை உருவி, தூசி போக உதறி, அவனிடம் நீட்டினாள்.

“அடுத்த வாரம் என் பக்கத்துல இத விரிச்சு உக்காருங்க.”

“என்னத்த விக்க?”

“ஒண்ணும் விக்க வேண்டாம். யாரு என்ன கேட்டாலும் இல்லன்னு மட்டும் சொல்லக் கூடாது.”

“என்கிட்டத்தான் ஒண்ணுமே இல்லையே தங்கச்சி!”

“பாத்தீங்களா? இப்பவே சொல்லிட்டீங்க.”

*

முதல் சந்தை.

வெயிலுமுத்து வெறும் சாக்கை விரித்து உட்கார்ந்தான். போகிறவர்கள் சாக்கைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், மறுபடியும் சாக்கைப் பார்த்தார்கள். பிச்சைக்காரன் என்று நினைத்து ஒருத்தர் ஒரு ரூபாய் போட்டார். எழுந்து ஓடிப்போய் அதைத் திருப்பிக் கொடுத்தான். அவமானத்தில் காது சுட்டது.

சாயங்காலம் ஜைனம்பு கேட்டாள்.

“எத்தனை பேர் வந்து கேட்டாங்க?”

“ஒன்பது பேர்.”

“என்ன சொன்னீங்க?”

“இல்லன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?”

“என்னென்ன கேட்டாங்க?”

அவன் யோசித்தான். “ஞாபகம் இல்ல.”

“இதோட பத்து ‘இல்ல’” என்றாள் ஜைனம்பு.

*

இரண்டாவது சந்தை.

ஒரு கிழவர் வந்தார். “கோணி ஊசி இருக்கா?”

வெயிலுமுத்துவின் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். இல்லை என்று சொல்லக் கூடாது. இருக்கிறது என்று சொல்ல ஊசியும் கிடையாது.

என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றான்.

“வாங்க” என்றான்.

கிழவர் பின்னாலேயே வந்தார். எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. மீன் வரிசை, கருவாட்டு வரிசை, மண்வெட்டி, அரிவாள் விற்கிற வரிசை. கடைசியில் பனைநார்க் கட்டில் பின்னுகிறவரின் பெட்டிக்குள் கோணி ஊசி கிடைத்தது.

“இதுக்குப் பேரு கடையா?” என்றார் கிழவர். ஆனால் போகும்போது அவன் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார்.

திரும்பி வந்தால் சாக்கில் ஒரு வெள்ளாடு படுத்திருந்தது. ஜைனம்பு அதை விரட்டவில்லை.

“ஊசி எங்க இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டாள்.

“அஞ்சாவது வரிசை. கட்டில்காரர்கிட்ட.”

அவள் தலையாட்டிவிட்டு வளையலை அடுக்கப் போனாள்.

*

மூன்றாவது சந்தையில் இருபது பேர் கேட்டார்கள். குக்கர் வாஷர் கேட்டார்கள், டீ வடிகட்டி கேட்டார்கள், கொடிக்கயிறு கேட்டார்கள். ஒரு அம்மாள் பாவாடை நாடா கேட்டாள். நாடா விற்கிற இடத்தைக் கண்டுபிடிக்க அவனுக்கு அரை மணி நேரம் ஆனது. மூணாவது வரிசை, ஆறாவது கடை. அதன் பிறகு மறக்கவில்லை.

நான்காவது சந்தையில் ஜனங்கள் உள்ளே நுழைந்ததும் நேரே அவனிடம் வந்தார்கள். வெறும் சாக்கைச் சுற்றிக் கூட்டம்.

அன்றைக்கு மத்தியானம் கயிற்றுக்காரர் ஒரு கட்டுக் கொடிக்கயிற்றைக் கொண்டுவந்து சாக்கில் போட்டார். அவர் கடை கடைசி வரிசை. அந்தப் பக்கம் ஆளே வராது.

“ஒவ்வொருத்தரா நீ எதுக்குக் கூட்டிட்டு வர்ற? இங்கயே வச்சு வில்லு. வித்த பிறகு பாத்துக்கிடுவோம்.”

வெயிலுமுத்து அந்தக் கயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தான். கண்ணீர் வந்துவிட்டது. ஜைனம்பு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் வடிகட்டிக்காரர் வந்தார். அதற்கடுத்த வாரம் பூட்டுக்காரர், சீப்புக்காரர். வெயிலுமுத்து உட்காரச் சாக்கில் இடமில்லை. மண்ணில் குத்தவைத்து விற்றான்.

“பூரணத்துக்குச் சொல்லி விடலாம்னு இருக்கேன் தங்கச்சி” என்றான்.

“சொல்லி விடவா வேணும்? அதுவே போயிருக்கும்” என்றாள் ஜைனம்பு.

*

ஏழாவது சந்தை. தைக்கு முந்தின சந்தை. தேர்த் திருவிழா மாதிரிக் கூட்டம்.

ஒருத்தருக்குக் கயிறு அளக்க வேண்டும். ஒருத்தர் பூட்டைத் திறந்து திறந்து பார்க்கிறார். சீப்பு வேண்டும் என்று நாலு கை நீளுகிறது. எதிரே எலி மருந்து விற்கிறவனின் மைக் காதைக் கிழிக்கிறது.

“பாவாடை நாடா இருக்கா?” என்றது ஒரு குரல்.

“இல்லம்மா” என்றான் வெயிலுமுத்து, கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் போய்விட்டாள்.

கூட்டம் சற்றே விலகியதும் ஜைனம்பு கேட்டாள்.

“இப்ப ஒரு அக்கா வந்தாங்களே. என்ன கேட்டாங்க?”

“நாடா.”

“என்ன சொன்னீங்க?”

அவன் கையிலிருந்த கயிறு நின்றது.

“கூட்டத்தப் பாத்தேல்ல தங்கச்சி. கை ஒழியல. மைக்கு வேற கத்துது. நாலு பேரு ஒரே நேரத்துல...”

“அண்ணே, என் சாக்கக் குடுத்துருங்க” என்றாள் ஜைனம்பு.

“என்ன தங்கச்சி?”

“இது நான் குடுத்தது. உங்களுக்குத்தான் சொந்தச் சாக்கு வந்துருச்சே.”

கோபமாகச் சொல்லவில்லை. குனிந்து சாக்கின் ஒரு மூலையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். பூட்டுகளும் வடிகட்டிகளும் மண்ணில் சரிந்தன. சீப்புகள் சிதறின. வாங்க வந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

வெயிலுமுத்து தடுக்கவில்லை.

ஜைனம்பு சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“நாடா கேட்டவங்க முகத்தப் பாத்தீங்களா?”

“இல்ல.”

“நானும் முகத்தப் பாக்கல. கையத்தான் பாத்தேன். மஞ்சப்பை வச்சிருந்தாங்க. வலது கையில கட்டை விரலுக்குக் கீழ ஒரு பழைய தீத்தழும்பு. தீப்பெட்டி மருந்து பத்திக்கிட்டாத்தான் அப்படி ஒரு தழும்பு வரும்.”

அவன் கயிற்றைக் கீழே போட்டான்.

அந்தத் தழும்புக்கு மூன்று மாதம் அவன்தான் களிம்பு போட்டுவிட்டான்.

“எந்தப் பக்கம் போனா?”

“பஸ் ஸ்டாண்டுப் பக்கம்.”

சிதறிக்கிடந்த சரக்கை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கூடப் போடாமல் ஓடினான். தெரிந்தவர்கள் கூப்பிட்டார்கள், என்னவென்று கேட்டார்கள். ஐம்பத்திரண்டு வயசுக்கு அது ஓடக்கூடிய ஓட்டமில்லை. நெஞ்சு அடைத்தது, ஆனாலும் ஓடினான்.

பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஜன்னலில் பூரணம் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சப்பை.

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மூச்சு வாங்கியது.

அவள் அவனைப் பார்க்காமல் நேரே பார்த்தபடி சொன்னாள்.

“இல்லன்னு சொல்லாத ஆளு ஒருத்தர் சந்தையில இருக்காருன்னு ஊரெல்லாம் பேசிக்கிட்டாக. யாருன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

“மூணாவது வரிசை, ஆறாவது கடை” என்றான் வெயிலுமுத்து. “இறங்கி வா பூரணம். கூட்டிட்டுப் போறேன்.”