மணிக் கையும் விளக்குக் கையும்

தாமிரபரணிக் கரையில் மருத மரங்களுக்கு நடுவே ஒரு சிறிய மடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வந்து தங்குகிறவர் யாராக இருந்தாலும், ஒரு நாள் சாயங்காலம் அவர்தான் தீபாராதனை காட்ட வேண்டும். இடக் கையில் மணி, வலக் கையில் விளக்கு. சாதி கேட்பதில்லை, மந்திரம் கேட்பதில்லை. மூன்று சுற்று சுற்றினால் போதும்.

மடத்தைப் பார்த்துக்கொண்டவர் உமையம்மை. நாற்பது வயதுதான் இருக்கும். அவரைவிட இருபது வயது மூத்தவர்களும் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருவர் நல்லசிவம். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருஷம் மலையடிவார ரோட்டில் வண்டி ஓட்டியும் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை என்பதைக் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். மாதம் ஒருமுறை மடத்துக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவது அவர் பழக்கம். எட்டு மாதமாக வரவில்லை. இந்த முறை மனைவி வடிவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

எட்டு மாதத்துக்கு முன் வடிவுக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது. பேச்சும் தேறிவிட்டது. வலக் கை மட்டும் தேறவில்லை. அது மடியில் கிடந்தது, அவ்வளவுதான்.

வந்த காலோடு நல்லசிவம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னாராம், கையில் ஒரு கோளாறும் இல்லை, மூளைக்குத்தான் அந்தக் கை மறந்துபோயிற்று என்று. இரண்டு கையையும் ஒரே வேலையில் சேர்த்துவிடுங்கள், டம்ளரைப் பிடித்தாலும் இரண்டு கையாலும் பிடிக்கட்டும், நல்ல கை போகிற வழியிலேயே அந்தக் கையும் கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்றாராம். ஆனால் நாளைக் கடத்தினால் விரல் இறுகிவிடும், அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை என்றும் சொன்னாராம்.

வடிவு நாலே நாள் செய்துவிட்டு விட்டுவிட்டாள். அதிலிருந்து கையைத் தூக்குவதே இல்லை.

"கெஞ்சியும் பாத்தாச்சு, ஏசியும் பாத்தாச்சு. அவ கை வரணும்மா. அதுக்கு நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. தலைகீழா நின்னாவது செய்யுதேன்" என்றார் நல்லசிவம்.

உமையம்மை வடிவைப் பார்த்தார். வடிவு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் சாப்பிட்டு வாருங்கள் என்று அம்மை பந்திக்கு அனுப்பிவிட்டார்.

பந்தியில் நல்லசிவம் மனைவிக்குப் பக்கத்தில் இலை போட்டுக்கொண்டார். இடக் கையால் சாப்பிட வடிவுக்கு மனம் வரவில்லை. பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் பீச்சாங்கையைச் சோற்றில் வைக்க யாருக்குத்தான் வரும்? அதனால் எட்டு மாதமாக அவர்தான் பிசைந்து ஊட்டுகிறார். சூடு பார்த்து, கறிவேப்பிலையை ஒதுக்கி, ஒரு பருக்கை சிந்தாமல் ஊட்டினார். அன்று காலை அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டவரும் அவர்தான். பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு இருந்தது. அந்த மனிதருக்கு அவள் மேல் உயிர். அதில் சந்தேகமே வேண்டாம்.

ரசம் ஊற்ற வந்த உமையம்மை ஒன்றைப் பார்த்தார். மடியில் கிடந்த வடிவின் வலக் கை மெல்ல எழுந்தது. இலையோரத்துக்கு வந்தது. இரண்டு விரல் அப்பளத்தை நோக்கி நகர்ந்தன. அவை போய்ச் சேருவதற்குள் நல்லசிவம் அப்பளத்தை எடுத்து, நொறுக்கி, அவள் வாயில் வைத்துவிட்டார். கை மறுபடி மடிக்குப் போய்விட்டது.

நல்லசிவம் அதைக் கவனிக்கவே இல்லை. பிரேக்கில் கால் வைத்தபடியே முப்பத்தொரு வருஷம் இருந்தவர். ஆபத்து என்று தெரிவதற்கு முன்பே கால் அழுந்திவிடும். தண்ணீர் டம்ளருக்கும் அப்படித்தான் நடந்தது. வாய் துடைக்கிற துண்டுக்கும் அப்படித்தான்.

பந்தி முடிந்து கை கழுவும்போது உமையம்மை சொன்னார், இன்று தீபாராதனை உங்கள் முறை என்று.

நல்லசிவத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முறை வரும்போதெல்லாம் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று சொல்லி நழுவிவிடுவார். இன்றைக்கு நழுவ வழியில்லை. "ஸ்டியரிங்குல ஒரு கை, கியருல ஒரு கை, கிளச்சுல ஒரு கால், பிரேக்குல ஒரு கால். நாலும் நாலு வேலை பாத்த உடம்பும்மா இது. மணி ஆட்டுறதெல்லாம் ஒரு வேலையா?"

"பாப்போம், டிரைவரய்யா" என்றார் அம்மை.

பொழுது சாய்ந்தது. சந்நிதியில் ஒரு சின்ன லிங்கம். தங்கியிருந்த ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். வடிவை இடப்பக்கச் சுவரோரம் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். நல்லசிவம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மணியை எடுத்தார், நெய்விளக்கை எடுத்தார்.

விளக்கு ஒழுங்காகத்தான் சுற்றத் தொடங்கியது. கூடவே மணிக் கையும் சுற்றியது. மணி சத்தமே போடாமல் காற்றில் வட்டம் போட்டது. யாரோ இருமினார்கள். நல்லசிவம் சுதாரித்து மணியை ஆட்டினார். உடனே விளக்கும் சேர்ந்து ஆடியது. நெய் சிந்தி, திரி சாய்ந்து, விளக்கு அணைந்தே போயிற்று.

சுவரோரத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வடிவு. எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு அது. நல்லசிவத்துக்கு வெட்கமாகவும் இருந்தது, கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும் அளவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

உமையம்மை விளக்கை வாங்கித் திரியைச் சரிசெய்து ஏற்றினார்.

"எந்தக் கை மேல குத்தம்?"

"மணிக் கைதான்."

மணியைக் கீழே வைத்துவிட்டு விளக்கை மட்டும் காட்டச் சொன்னார். சுடர் அசையாமல் அழகாகச் சுற்றினார் நல்லசிவம். விளக்கை வைத்துவிட்டு மணியை மட்டும் ஆட்டச் சொன்னார். தோப்பு முழுக்கக் கேட்டது.

"அதது வேலை அததுக்குத் தெரியுது. பின்ன யாரு கெடுத்தது?"

நல்லசிவம் யோசித்தார். "நான்தாம்மா. விளக்கு அணைஞ்சிருமோன்னு அதையே பாக்கேன், மணிக் கை அது பின்னாலயே போயிருது. மணியைப் பாத்தா விளக்குக் கையும் ஆடுது."

"பஸ்ஸுல?"

"பஸ்ஸுல கையை யாரு பாத்தா? ரோட்டைத்தான பாப்பேன்."

அம்மை குனிந்து மணியை எடுத்தார். சுவரோரம் போய் வடிவின் முன்னால் நீட்டினார். "இன்னைக்கு மணி உங்களுக்கு."

நல்லசிவம் இரண்டு எட்டில் வந்துவிட்டார். அது கனமான மணி, பழைய வெண்கலம், கை நழுவினால் காலில் விழும், அவளால் முடியாது என்றார்.

"முடியாதுன்னு நான் சொன்னேனா?" என்றாள் வடிவு.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாலு நாள் செஞ்சேம்மா" என்று அம்மையிடம் சொன்னாள். "நாலாம் நாள் ரெண்டு கையாலயும் டம்ளரைத் தூக்கிட்டேன். வாய்கிட்ட வரும்போது காப்பி மேல கொட்டிட்டு. இவுக டம்ளரை வாங்கி வச்சிட்டு, போதும் விடு, நான் பாத்துக்கிடுதேன்னுட்டாக. அன்னைக்கு விட்டவதான்."

அந்த நாள் நல்லசிவத்துக்கு நன்றாக நினைவிருந்தது. நல்லவேளை, காப்பி ஆறியிருந்தது. சேலையெல்லாம் நனைந்து, ஒரு கை தொங்க, அவரை நிமிர்ந்து பார்த்தாளே ஒரு பார்வை, அதைத் தாங்க முடியாமல்தான் வாங்கி வைத்தார்.

"எனக்குப் பொறுக்கல, வடிவு" என்றார் மெதுவாக. "உனக்காக இல்ல. எனக்குத்தான் பாக்கப் பொறுக்கல."

வடிவு இடக் கையால் வலக் கையைத் தூக்கி மணியின் கைப்பிடியில் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டாள். மேலே இடக் கையையும் வைத்து மூடிக்கொண்டாள்.

உமையம்மை விளக்கை நல்லசிவத்திடம் கொடுத்தார்.

அவர் சுற்றத் தொடங்கினார். ஓரக்கண் மட்டும் சுவரோரத்தில் இருந்தது. மணி ஒரு தரம் அடித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். இரண்டாம் சுற்றில் அது தட்டுத்தடுமாறி ஒரு நிதானத்துக்கு வந்தது. விளக்கு மேலே போகும்போது ஒன்று, கீழே வரும்போது ஒன்று. விளக்கும் தன்னையறியாமல் அதற்குத் தக்கபடி மெதுவாகிவிட்டது. அவரும் அவளும் சேர்ந்து ஒரு வேலை செய்து எட்டு மாதமாகியிருந்தது. அது நல்லசிவத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் சுற்றில் மணி சாய்ந்தது. வடிவின் வலக் கை களைத்துப்போய் விரல் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தது. நல்லசிவத்தின் இடக் கை தானாக அவள் பக்கம் நீண்டது. விளக்கு சரிந்தது. சுடர் சுருங்கியது.

"டிரைவரய்யா" என்றார் உமையம்மை. "உங்க கையில இருக்கிறது விளக்கு."

நீண்ட கை அந்தரத்தில் நின்றது. பிரேக்கிலிருந்து காலை எடுக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். முகத்தை லிங்கத்தின் பக்கம் திருப்பினார். விளக்கை நிமிர்த்தினார்.

மணி விழுந்தது. கல்தரையில் உருண்டு நின்றது.

யாரும் நகரவில்லை. யாராவது போனால் தேவலை என்று நல்லசிவம் நினைத்தார். அம்மையாவது போகக் கூடாதா? முக்காலி நகரும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. வெண்கலம் தரையில் கொஞ்சம் இழுபட்டது, நின்றது, மறுபடி இழுபட்டது.

அவர் விளக்கைச் சுற்றிக்கொண்டே இருந்தார். மூன்று முடிந்து நாலு, ஐந்து, அதற்கு மேல் எண்ணவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க ஒரு கை சும்மாதான் இருந்தது. துடைக்கத் தோன்றவில்லை. சுடர் மட்டும் ஆடாமல் போய் வந்தது.

நெய் பாதிக்குக் கீழே போயிருந்தது.

மணி அடித்தது.

மெல்லிய சத்தம்தான். பிறகு இன்னொன்று. நல்லசிவம் திரும்பவில்லை. லிங்கத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"எந்தக் கையாலம்மா எடுத்தா?"

உமையம்மை சொன்னார்:

"உங்க கையால இல்ல."