கற்கண்டு கரையும்வரை

"எனக்குப் பொறவு இவன யாரு சாமி பாத்துக்கிடுவா?"

உட்காரும் முன்பே ஆவுடையம்மாள் கேட்டுவிட்டாள்.

மகன் கோமதிநாயகம் கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். முப்பத்தைந்து வயது. வேலையை விட்டுவிட்டு வந்து அறைக்குள் போனவன், பிறகு சரியாக வெளியே வரவே இல்லை. குளிக்கவும் சாப்பிடவும் அவள்தான் எழுப்ப வேண்டும். இன்றைக்கு அவன் ஆட்டோவில் ஏறியதே பெரிய காரியம். வழியெல்லாம் அவன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், பாவம்.

தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தச் சாமி அவளைவிட வயதில் இளையவர். வருகிறவர்களுக்குத் திருநீறு தர மாட்டார், சுக்குக் காப்பிதான் தருவார். அதனாலேயே அவரிடம் கூட்டம் குறைவு.

"ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா தாயி?"

"போறோம் சாமி. மாத்திரையெல்லாம் நாந்தான் எடுத்துக் குடுக்கேன்."

"அத விட்டுராதீங்க."

அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு அவர் மகன் பக்கம் திரும்பினார்.

"தம்பி பேரென்ன?"

"கோமதிநாயகம், சாமி," என்றாள் ஆவுடையம்மாள்.

"ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா தம்பி?"

"எங்க சாமி தூங்குதான்? விடிய விடிய முழிச்சிக் கெடக்கான்."

"காப்பிக்குக் கருப்பட்டி போடலாமா தம்பி?"

"ரெண்டு துண்டு போடுங்க சாமி. இனிப்பு தூக்கலா இருந்தாத்தான் குடிப்பான்."

அவன் உதடு பிரிவதற்குக்கூட அவள் இடம் கொடுக்கவில்லை.

"நான் தம்பியத்தான கேட்டேன்?"

"அவன் பேச மாட்டேங்கான் சாமி. அதான நான் சொல்லுதேன்."

சாமி ஒரு டப்பாவைத் திறந்து பனங்கற்கண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் பிரசாதம் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பிள்ளைக்கு?"

"உங்களுக்குத்தான். வாயில போட்டுக்கிடுங்க. கடிக்கக் கூடாது. கரையுற வரைக்கும் பேசவும் கூடாது."

போட்டுக்கொண்டாள்.

"தம்பி, கருப்பட்டி போடலாமா?"

கோமதிநாயகம் சுவரையே பார்த்தான். தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கடக் என்று ஒரு சத்தம்.

"கடிச்சிட்டேன் சாமி," என்றாள் ஆவுடையம்மாள். "அவன் கூச்சப்படுதான். நீங்க ரெண்டே போடுங்க."

சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டப்பாவைக் கிளறி, இருந்ததிலேயே பெரிய கற்கண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

பிறகு அதே கேள்வியை, அதே குரலில், இன்னொரு முறை கேட்டார்.



அவர் சுக்குப் பொடியைப் போட்டுக் காப்பியை இறக்கி வைத்தார். ஆற்றில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடையம்மாள் மகனைப் பார்த்தாள், சாமியைப் பார்த்தாள், திரும்பவும் மகனைப் பார்த்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. இவன் இப்படியே வாய் திறக்காமல் இருந்துவிட்டால் இந்தச் சாமியும் கையை விரித்துவிடுவாரே என்று பயம். முட்டிக்கொண்டு வந்த பதிலை விழுங்கினாள். கண் கலங்கியது.

சாமி அவசரப்படவில்லை. கேட்டவர் காத்திருக்கிறார், அவ்வளவுதான்.

காப்பி ஆறிப்போனது. அவர் மறுபடி அடுப்பில் ஏற்றினார்.

"வேண்டாம்."

தண்ணீர் குடிக்காத தொண்டையிலிருந்து வருகிற குரல். சுவரைப் பார்த்தபடியேதான் சொன்னான்.

"என்னது தம்பி?"

"கருப்பட்டி வேண்டாம். எனக்கு... இனிப்புப் பிடிக்காது."

ஆவுடையம்மாள் சட்டென்று கற்கண்டை வாயிலிருந்து கையில் எடுத்தாள். 'பின்ன ஏம்ல இத்தன வருசமா குடிச்ச? ஒரு வார்த்த சொன்னா என்ன?' எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

கையிலிருந்த கற்கண்டைப் பார்த்தாள். பாதிகூடக் கரையவில்லை.

எடுத்துத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டாள்.

சாமி அவனுக்குக் கருப்பட்டி போடாமல் ஒரு தம்ளரில் ஊற்றினார். அடுத்த தம்ளரை எடுத்தார்.

"அம்மாவுக்கு?"

அவர் பார்த்தது அவளை. அவளால் வாய் திறக்க முடியவில்லை.

கோமதிநாயகம் மெல்லத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"அம்மாவுக்கு ரெண்டு போடுங்க."