நாச்சிமுத்து ட்வீட் எடுத்த கதை

கோத்தகிரியில் கோட்டு தைக்கிற கடை ஒன்று உண்டு. அங்கே வெட்டுவதும் ஜெசிந்தா, அதட்டுவதும் ஜெசிந்தா. வயது முப்பத்தெட்டு. தையற்கடையில் துணி வெட்டுகிறவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், ஆணானால் என்ன, பெண்ணானால் என்ன. சர்ச் ஃபாதர்கூட ஜெசிந்தாவை மாஸ்டர் என்றுதான் சொல்வார்.

அந்த மாஸ்டரிடம் சீடராக வந்து சேர்ந்தவருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் நாச்சிமுத்து, ஊர் ஈரோடு. வேட்டிக் கடையில் இருபத்தேழு வருஷம் நின்று விற்றவர். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எந்த ஊர்த் தறி என்று சொல்லிவிடுவார். இந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லி வீட்டில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

ஒருநாள் அவர் மனைவி பாவாத்தாள் கேட்டுவிட்டாள். "வேட்டியைத் தடவுனீங்க, சரி. மலையில கோட்டுக்கு ஒரு கம்பளித் துணி போடறாங்களாமா, ட்வீட்டுன்னு. அதைத் தடவிச் சொல்லுவீங்களா?"

"துணின்னா துணிதான்."

"போயிப் பாருங்க. போன சுருக்குல திரும்பி வருவீங்க."

மறுநாளே பஸ் ஏறிவிட்டார். அறுபதுக்கு மேல் வருகிற ரோஷம் அப்படி.

தோற்றுத் திரும்பினால் பாவாத்தாள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். காபியைக் கையில் கொடுத்து, எதிரே உட்கார்ந்து, அவர் குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் காபியை நினைத்தே நாச்சிமுத்து திரும்பிப் பார்க்காமல் மலை ஏறினார்.

கடைக்குள் அவர் நுழைந்தபோது வெளியே ஆனி மாதத்து மழை. அரைக்கைச் சட்டை, வேட்டி. பல் தந்தியடித்தது.

"மாஸ்டர், நல்ல கோட்டுத் துணியை எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

மாஸ்டர் ஆணியில் தொங்கிய பழைய கோட்டை எடுத்து நீட்டினார். "போட்டுக்கங்க."

போட்டுக்கொண்டார். சேற்று நிறம். கனமோ கனம்.

"குத்துதுங்க."

"குத்தும்."

"கேட்டதுக்குப் பதில் வரலைங்களே."

மாஸ்டர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "மூணு தடவை துணி எடுக்கச் சொல்வேன் ஐயா. ஒண்ணு சரியா இருந்தாப் போதும், அப்புறம் கடைக்குத் துணி எடுக்கறது நீங்கதான். மூணும் தப்பாப் போச்சுன்னா அடுத்த பஸ்."

"ஒண்ணே போதுமுங்க" என்றார் நாச்சிமுத்து. மீதி இரண்டை மாஸ்டருக்கே விட்டுக்கொடுப்பது போலத்தான் சொன்னார்.

மாதம் ஒருமுறை கோயமுத்தூர் சாதிக் பாய் வேனில் ட்வீட் ரோல்களைக் கொண்டுவந்து மேஜைமேல் அடுக்குவார். முதல் மாதம் நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தடவினார். பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்த ஒன்றில் விரல் நின்றது.

"இதுதானுங்க."

மாஸ்டர் அதில் ஒரு துண்டு வெட்டி, நாற்காலி முதுகிலிருந்த குமிழ்மேல் இழுத்துக் கட்டினார். மூன்று நாள் அப்படியே விட்டார். நான்காம் நாள் அவிழ்த்தபோது குமிழ் நாற்காலியிலும் இருந்தது, துணியிலும் இருந்தது. நாச்சிமுத்து அதை நீவினார். தட்டினார். இஸ்திரி போட்டார். குமிழ் போகவில்லை.

"கோட்டுக்கு முழங்கை உண்டு ஐயா" என்றார் மாஸ்டர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாவாத்தாள் போன் செய்தாள். "ஏனுங், காபித்தூள் வாங்கி வெக்கட்டுங்களா?"

"வேண்டாம்" என்று வைத்துவிட்டார்.

நாச்சிமுத்து ராப்பகலாக யோசித்தார். மாஸ்டர் கொடுத்த அந்தச் சாக்கு மாதிரிக் கோட்டை மாட்டிக்கொண்டு சாரலில் டீக்கடைக்குப் போனார், அதே கோட்டோடு ஈரச் சுவரில் உட்கார்ந்து யோசித்தார். மலைக்குக் கனமான துணிதானே வேண்டும்? அப்படியானால் தராசு எதற்கு இருக்கிறது?

இரண்டாம் மாதம் ஒவ்வொரு ரோலிலும் ஒரே அளவு துண்டு வெட்டி நிறுத்தார். அதிகம் கனத்ததைத் தூக்கி மாஸ்டர் முன்னால் வைத்தார்.

மாஸ்டர் அந்தத் துண்டை வெந்நீரில் அலசிக் காயப்போட்டார். மறுபடி நிறுத்தபோது கால்வாசி கனம் காணோம். வாளித் தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருந்தது.

"என்ன ஐயா இது?"

"கஞ்சிங்க."

"பார்த்த உடனே சொல்லிட்டீங்களே, எப்படி?"

இருபத்தேழு வருஷம் கஞ்சி போட்ட வேட்டி விற்றவர் வாளியைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "தூள் வாங்கிட்டனுங்க" என்றாள் பாவாத்தாள்.

மூன்றாம் மாதம் நாச்சிமுத்து யாரையும் நம்பவில்லை, தன் விரலையும் சேர்த்து. ஆறு ரோல் வந்தது, அதில் ஐந்தை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்தார், கசக்கினார், குமிழில் கட்டினார், அலசினார். ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவிக் கொளுத்தி, முடி கருகுகிற வாடை வருகிறதா என்று மோந்தார். நிஜக் கம்பளியானால் அந்த வாடை வர வேண்டும். நாலு நாள் சாதிக் பாய் கோயமுத்தூர் போகாமல் காத்திருந்தார். கடையே தீ விபத்து நடந்த இடம் மாதிரி நாறியது.

ஒரு ரோலை மட்டும் எந்தப் பரீட்சையும் வைக்காமல் மேஜை ஓரத்துக்குத் தள்ளியிருந்தார். "இந்தச் சாக்கை எதுக்குங்க பாய் தூக்கிட்டு வந்தீங்க? எங்க எருமைக்குப் போர்த்துனாலும் உதறிப் போடும்."

சாதிக் பாய் வாயைத் திறந்தார். மாஸ்டர் கையைக் காட்டினார். பாய் மூடிக்கொண்டார்.

கடைசியில் நாச்சிமுத்து நீலத் துணியில் கையை வைத்தார். "இதுதான். எல்லாத்துலயும் தேறிருச்சு."

மாஸ்டர் நீலத் துணியில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினார். அது கருகவில்லை. உருகி, சொட்டி, குட்டி மணியாக உறைந்தது. அசல் நைலான்.

"நான் கொளுத்துனப்ப நல்லாத்தானுங்க கருகுச்சு."

"நீங்க பாவு நூலைக் கொளுத்துனீங்க. இது ஊடை நூல்."

தறிக்காரர் ஊரில் பிறந்தவர் நீளவாட்டு நூலைப் பார்த்துவிட்டுக் குறுக்கு நூலை மறந்துவிட்டார். மூன்றும் போயிற்று. கண்ணை மூடினால் எதிரே பாவாத்தாள் உட்கார்ந்திருக்கிறாள், கையில் காபி சுடுகிறது.

"பஸ் எத்தனை மணிக்குங்க?"

"ரெண்டுக்கு" என்றார் மாஸ்டர்.

மூன்று வேட்டியையும் பைக்குள் திணித்தார். கோட்டைக் கழற்றி மேஜை ஓரத்தில் போட்டார். "நல்லா இருங்க மாஸ்டர்" என்று கும்பிட்டுவிட்டு அரைக்கைச் சட்டையோடு இறங்கினார்.

தெருமுனைவரை போனார். மலைக்காற்று சட்டைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. வெட்கத்தை விட்டுத் திரும்பி ஓடிவந்தார்.

"மன்னிச்சுக்கங்க. பஸ் வர்றவரைக்கும் மட்டும்."

மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனி. ஒன்றும் தெரியவில்லை. மேஜை ஓரத்தைக் கையால் துழாவினார். விரல் கோட்டைக் கண்டுபிடித்தது. பிடித்து இழுத்து, தோளைச் சுற்றிப் போர்த்தி, இறுக்கிக்கொண்டார். உடம்புக்கு உயிர் வந்தது. "அப்பாடா" என்றார்.

கைகளை நுழைக்கப் பார்த்தார். கோட்டுக் கை அகப்படவில்லை. மேஜையில் ஏதோ கடகடவென்று உருண்டு, தொப்பென்று கீழே விழுந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோட்டு மேஜைமேலேயே கிடந்தது. தோளில் இருந்தது எருமைக்கு ஆகாத சாக்கு. ஆறு கஜத்துக்கு அவிழ்ந்து தரையில் கிடந்தது.

கோட்டின் கையைத் தூக்கி ரோல் துணியோடு சேர்த்துப் பிடித்தார். அதே சேற்று நிறம். அதே பச்சைப் புள்ளி. குத்துவதும் அதே குத்து.

"இந்தக் கோட்டு எத்தனை வருஷமுங்க?"

"பதினாலு."

கோட்டின் முழங்கையைப் பார்த்தார். குமிழ் இல்லை. மூன்று மாதம் மழையில் அலசியிருக்கிறார், கனம் குறையவில்லை.

வெளியே இரண்டு மணி பஸ் ஹாரன் அடித்தது. நாச்சிமுத்து நகரவில்லை. போர்த்தியதை விடவும் இல்லை.

"பாய்" என்றார் மாஸ்டர், "ஐயா எடுத்ததுல அறுபது மீட்டர் இறக்கிடுங்க."

சாதிக் பாய் நாலு நாளாக அடக்கி வைத்திருந்த சிரிப்பைச் சிரிக்க வேனுக்குப் போனார்.

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷமும் இருந்தது, கோபமும் இருந்தது. கோபம்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"மூணு மாசமா முதுகுல போட்டுட்டுத் திரிஞ்சிருக்கேன். குமிழ்ல கட்டி, வெந்நீர்ல முக்கி, நூலைக் கொளுத்தி, எத்தனை பாடு. வந்த அன்னைக்கே கேட்டேனுங்களே மாஸ்டர், நல்ல துணியை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

மாஸ்டர் கீழே கிடந்த ரோலைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

"சொன்னேனே ஐயா. 'போட்டுக்கங்க'ன்னு."