கழற்றிய கீபோர்டு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. போளூர்ப் பக்கம் ஓர் ஆசிரமத்துக்குப் போய்வரும் என் அறைத்தோழி சொன்னது. அவளும் அங்கே கேட்டதைத்தான் சொன்னாள்.

"ஒண்ணு அவன் இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

சொல்லிக்கொண்டே வந்து நின்றார் மாசிலாமணி. நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். ஞானம் தேடி வந்த இடத்திலும் அவருக்கு அதே வேலைதான் கிடைத்தது. குருவின் பேச்சைக் கேட்டு மடிக்கணினியில் அடிக்க வேண்டும்.

குரு அமுதாம்பிகைக்கு அவருடைய மகள் வயது. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"யாரைச் சொல்றீங்க ஐயா?"

"கபிலனைத்தான் தாயே!"

அந்த வேலையை முன்பு கபிலன் பார்த்துவந்தான். மாசிலாமணி வந்ததும் விட்டுக்கொடுத்தான். மடிக்கணினியின் தட்டையான எழுத்து விசைகள் விரலுக்குப் பிடிக்கவில்லை என்று அவர் அலுத்துக்கொண்டபோது, தன்னுடைய கீபோர்டையும் மவுஸையும் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். மேசை சின்னது. மாசிலாமணி அந்தக் கீபோர்டை மடிக்கணினியின் விசைகள் மேலேயே வைத்துக்கொண்டார்.

அன்று பிடித்தது சனி.

"நான் ஒண்ணு அடிச்சா அது ஒண்ணு அடிக்குது. ஒரு பக்கம் முடிச்சு நிமிர்ந்தா பாதிப் பக்கத்தைக் காணோம். வேலை போச்சேன்னு அவனுக்கு வயித்தெரிச்சல். குடுத்த சாமான்ல எதையோ வெச்சுக் குடுத்திருக்கான். இது அக்கிரமம் இல்லையா? நீங்க கேக்க மாட்டீங்களா?"

"அவன்கிட்ட நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேனே! 'கொஞ்சம் மெதுவா அடிங்க பெரியவரே'ங்கறான். எனக்கு! ஜட்ஜே மெச்சின கை இது!"

"இப்ப எங்க அவன்?"

"பொழுது சாயறதுக்குள்ள கிளம்புன்னு சொல்லிட்டேன்."

வாசலில் கபிலன் பையோடு நின்றான். போக அவனுக்கு வேறு இடம் கிடையாது. பஸ் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குரு கையைக் கழுவிக்கொண்டு மேசையருகே வந்தார்.

"அடிங்க."

மாசிலாமணி அடித்தார். வரியின் நடுவே 'ளளளளள' என்று ஓடியது.

"பாத்தீங்களா தாயே!"

குரு மவுஸைக் கழற்றினார்.

"அடிங்க."

இந்த முறை வரியே காணாமல் போனது.

"கீபோர்டுலதான் வெச்சிருக்கான்! படுபாவி!"

குரு கீபோர்டின் ஒயரையும் உருவினார். அதன் நுனியை மாசிலாமணியின் மடியில் போட்டார்.

"இப்ப அவனோட சாமான் எதுவும் இதுல மாட்டியில்ல. அடிங்க."

"எதுல?"

"அதுலயேதான்."

"ஒயர் இல்லாம எப்படி அடிக்கும்? கேலி பண்றீங்களா?"

"அவன் உங்களுக்குப் பண்ணின அக்கிரமத்தை நெனச்சுக்கிட்டு அடிங்க."

நினைத்தார். காது மடல் சிவந்தது. ஓங்கி அடித்தார்.

திரையில் எழுத்து விழுந்தது.

இன்னும் ஓங்கி அடித்தார். இன்னும் விழுந்தது.

"யாரு ஐயா அடிக்கறது?"

மாசிலாமணி கையை எடுத்தார். எழுத்து நின்றது. மடியில் கிடந்த ஒயர் நுனியைப் பார்த்தார். கீபோர்டை மெல்லத் தூக்கி, அதற்கடியில் இருந்த மடிக்கணினி விசைகளைப் பார்த்தார்.

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது.

செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார்.

"தம்பி... அந்தப் பையை இப்படிக் குடு."

கேட்ட கதையை அப்படியே எழுத மனம் ஒப்பவில்லை. ஒரு பழைய கீபோர்டை என் மடிக்கணினியின் விசைகள் மேல் வைத்தேன். ஒயரை மாட்டவில்லை. மெதுவாகத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. நாளைக்கு வா, நாளைக்கு வா என்று என்னை ஒரு வேலைக்காக அலையவிட்டவரை நினைத்துக்கொண்டு தட்டினேன்.

விழுந்தது.