கூழைவாலி கேட்ட தண்ணீர்

பன்றி மேல் தப்பில்லை. மாடத்தி வைத்த பாசம்தான் தப்பாய்ப் போனது.

அந்தக் காலத்தில் விலங்குகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்தது. மாடத்தி ஒரு பன்றி வளர்த்தாள். கூழைவாலி என்று பேர். பிள்ளை இல்லாதவள், மகள் என்றால் அவளுக்கு அதுதான். சினையானதும் வளைகாப்புச் சோறே ஆக்கிப்போட்டாள். புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு.

"போதும்மா, மூச்சு முட்டுது."

"வயித்துல கெடக்கறதுக்கு யாரு போடுவா? தின்னுடி."

தின்றது. கொழுத்தது. சித்திரை வெயிலில் மடி கொள்ளாமல் குட்டி போட்டது.

மாடத்தி பேறுகாலப் பத்தியத்தில் இறங்கினாள். காற்றுப் படக்கூடாதென்று கொட்டிலை ஓலைத்தட்டியால் அடைத்தாள். மூலையில் கணப்பு மூட்டினாள். வறுத்த தவிட்டில் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டு வைத்தாள். தண்ணீர்த் தொட்டியை வெளியே உருட்டிவிட்டாள்.

கூழைவாலி தவிட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"தண்ணி குடும்மா."

"பெத்தவளுக்குத் தண்ணி ஆகாது. வயிறு ஊதிரும்."

"உடம்பு எரியுது. தவிடு தொண்டையில எறங்கல."

"பச்ச உடம்பு அப்படித்தான் இருக்கும்."

மறுநாளும் கேட்டது. மாடத்தி கணப்பில் இன்னொரு விறகு வைத்தாள்.

தின்னாத உடம்பில் பால் ஏது? தின்று சேர்த்த கொழுப்பு கரைந்தது. காம்பு வற்றியது. குட்டிகள் காம்புக்கு முட்டி மோதின. பிறகு மோதவும் தெம்பில்லை. ஒரு காலையில் இரண்டு அசையாமல் கிடந்தன.

கூழைவாலி அவற்றை மூக்கால் புரட்டிப் பார்த்தது.

"கேட்டேனேம்மா" என்றது. அது கடைசியாகப் பேசியது அதுதான்.

மாடத்தி வாசலில் விழுந்து அழுதாள். குளத்திலிருந்து ஒரு எருமை சேறு சொட்ட வந்தது.

"எதுக்கு ஒப்பாரி?"

"பெத்தவளுக்குச் செய்ற அத்தனையும் செஞ்சேன். ஒரு வாய் திங்க மாட்டேங்கிறா."

"சினையில திணிச்ச. குட்டி போட்டதும் வறுக்கிற. எப்படித் திம்பா? உனக்கு வேர்க்கும். அவளுக்கு வேர்க்குமா? தொட்டுப் பாத்தியா?"

மாடத்தி உள்ளே போய்த் தொட்டாள். தோல் பொட்டு ஈரமில்லாமல் கொதித்தது. மகளென்று சொன்னாள், ஒருநாளும் மகளின் முதுகைத் தடவிப் பார்த்ததில்லை.

எருமை கொம்பால் தட்டியைச் சாய்த்தது. கூழைவாலி தள்ளாடி எழுந்தது. எருமையின் காலடித் தடத்தைப் பிடித்துக் குளத்துக்குப் போய்ச் சேற்றில் விழுந்தது. புரண்டது. வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. வெயில் தாழ்ந்து காற்று குளிர்ந்தபின் திரும்பி வந்து, நீராய்க் கரைத்த தவிட்டில் வாய் வைத்தது.

பால் ஊறியது. மிச்சக் குட்டிகள் பிழைத்தன. போனது போனதுதான்.

"ஒரு வார்த்த பேசுடி" என்று மாடத்தி சாகும்வரை கெஞ்சினாள்.

"உர்" என்றது கூழைவாலி. சொல்லியும் கேட்காதவளிடம் என்ன பேச்சு?

அன்று முதல்தான் குட்டி போட்ட பன்றி வெயில் நேரத்தில் எதை வைத்தாலும் தொடுவதில்லை. முதலில் சேறு, பிறகு தண்ணீர், உடம்பு குளிர்ந்த பிறகுதான் தீனி. மனிதரைக் கண்டால் உர்ரென்று நகர்ந்துவிடும். சேற்றில் மட்டும் ஒருத்திக்கு இடம் விட்டுப் படுக்கும். எருமைக்கு.