நாலு பானையும் ஒரு பாலமும்

ஒரே ஒரு ஊர்ல, ஆத்தங்கரையில, பெரிய பட்டணம் ஒண்ணு இருந்துச்சாம். அங்கே ஒரு பாய் விரிக்கிற இடம் வேணும்னா ஒரு படி பொன் அளக்கணுமாம். அதனால பானை செய்யறவங்க, துணி வெளுக்கிறவங்க, பால் கறக்கிறவங்க எல்லாரும் அக்கரையில குடிசை போட்டுக்கிட்டு, தினம் பரிசல்ல வந்து வேலை செஞ்சுட்டுப் போவாங்களாம்.

அந்தப் பட்டணத்துல ஒரு வழக்கம். புதுசா எதைக் கட்டணும்னாலும் யாரும் ராஜாகிட்ட கேட்கலாம். ஆனா சொந்த வீடு இருக்கிற ஒருத்தர், தன் அடுப்படிப் பானையை வாசல்ல கவிழ்த்து வச்சா அந்த வேலை நின்னுடும்; ஒரு வேலைக்கு ஒரு பானை. நிமிர்த்தினாத்தான் நடக்கும். ஏன் பானைன்னு கேட்கிறியா? அது அந்த ராஜாவுக்கே தெரியாதாம் கண்ணு.

அக்கரையில பானை செய்யற வீராயிக்கு ஒரே பொண்ணு, செவந்தி. மழை பெய்தா செவந்திக்கு மூச்சு இழுக்கும், நெஞ்சு புறா மாதிரி படபடன்னு அடிச்சுக்கும். வைத்தியர் பட்டணத்துல. வெள்ளம் வந்தா பரிசல் போகாது. போன மழைக்குப் பிள்ளை பிழைச்சதே பெரிசு. அதனால வீராயி போய், "ஒரு பாலம் கட்டுங்க ராஜா"ன்னு கேட்டா. ராஜாவும் சரின்னுட்டார்.

மறுநாள் பார்த்தா, மாடி வீட்டு அம்பலவாணர் வாசல்ல தண்ணிப் பானை கவிழ்ந்து கிடக்கு!

வீராயி ஓடினா. "ஐயா, என் பிள்ளைக்கு மூச்சு முட்டுதுங்க."

"பிள்ளை நல்லா இருக்கட்டும் தாயி. பாலத்தை வேற எங்கேயாவது கட்டட்டும். இங்கே கட்டினா என் மாடியிலிருந்து ஆறு தெரியாது. கண்டவங்க வருவாங்க. என் வீட்டு விலை என்னாகும்?"

வீராயி அழலை. கவிழ்ந்த பானையைப் பார்த்தா, அப்புறம் அவரைப் பார்த்தா, அப்புறம் அடுப்படியை எட்டிப் பார்த்தா. அவ வித்த பானைங்கதானே! உள்ளே இன்னும் மூணுதான் இருந்துச்சு.

நேரே ராஜாகிட்ட போனா. "அம்பலவாணர் வீட்டுக்கு முன்னால கழுதைங்களுக்கு ஒரு சத்திரம் வேணும் ராஜா."

"கிறுக்கா உனக்கு?"ன்னு சிரிச்சார் ராஜா. ஆனா வழக்கம் வழக்கம்தானே? தண்டோரா போட்டாச்சு. அம்பலவாணர் பாலை ஊத்திட்டுப் பால் பானையைக் கவிழ்த்தார்.

மறுநாள், "அவர் வீட்டுக்குப் பின்னால தவளைங்களுக்குப் பாட்டு மண்டபம் வேணும் ராஜா." குழம்புப் பானை கவிழ்ந்துச்சு.

அதுக்கு மறுநாள், "அவர் வீட்டுக்குப் பக்கத்துல காக்காய்ங்களுக்குப் பந்திக்கூடம் வேணும் ராஜா." சோத்துப் பானையும் கவிழ்ந்துச்சு.

அவர் சம்சாரம் வந்து பார்த்தா. "அடக் கடவுளே, சோத்துப் பானையுமா! இனிமே எதுல பொங்குறது, உங்க தலையிலயா?"

அம்பலவாணர் பக்கத்து வீட்ல போய்ப் பானை கேட்டார். "ஐயோ, அதையும் கவிழ்த்துட்டா நாங்க எதுல பொங்குறது?"ன்னு கதவைச் சாத்திட்டாங்க. சரி, புதுசா வாங்குவோம்னு ஆத்துக்கு ஓடினார். மலையில மழை பெய்து, ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. பரிசல்காரர் துடுப்பைத் தொடலை.

அக்கரையில வீராயி நின்னு கத்தினா. "பானைதானே ஐயா? அடுக்கி வச்சிருக்கேன், வந்து எடுத்துக்குங்க!"

அன்னைக்குப் பட்டினி. மறுநாளும் பட்டினி. அம்பலவாணர் வாசல்ல உட்கார்ந்து நாலு பானையையும் மாறி மாறிப் பார்த்தார். இதை நிமிர்த்தினா முன்னால கழுதை. இதை நிமிர்த்தினா பின்னால தவளை. இதை நிமிர்த்தினா பக்கத்துல காக்காய். 'பாலமாவது ஆத்தோட கிடக்கும்'னு, ஊரே பார்க்கத் தன் கையாலேயே தண்ணிப் பானையை நிமிர்த்திட்டார்!

மலைமழை ஊருக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே, ராஜாவோட யானைங்க மரம் இழுக்க, அக்கரை சனமெல்லாம் கூடி நின்னு மூணே நாள்ல பாலம் போட்டுட்டாங்க. அதுல முதல்ல நடந்தது யாரு தெரியுமா? அம்பலவாணர்! தலையைக் குனிஞ்சுக்கிட்டு, பானை வாங்க. வீராயி பழைய விலைக்கே கொடுத்தா.

ரெண்டாவதா நடந்தது வீராயி. கொட்டுற மழையில, செவந்தியைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினா. வைத்தியர் மருந்தைக் குழைச்சு நாக்குல தடவினார். வீராயி பிள்ளையோட நெஞ்சுல காதை வச்சுக் கேட்டா. புறா அடங்கி, மூச்சு மெதுவா, சீரா வந்துச்சு.

அவங்க அங்கே சுகம், நாம இங்கே சுகம், கதையும் கரை சேர்ந்துச்சு கண்ணு.